மொறிஸ் மைனர் பிக்கப்பின் கறள் பிடித்த கதவுகள்: திருத்துவதும் மாற்றுவதும், படிப்படியாக

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் என்னும் பழைய பிரித்தானிய வண்டிகளில் பிக்கப் வகைக்குத்தான் கதவுத் தொல்லை அதிகம். சுமை வண்டி என்பதால் அது வெயிலிலும் மழையிலும் வெளியில் நிற்கும், கதவுகள் ஒரு நாளில் பல தடவை அடித்துச் சாத்தப்படும், கடற்காற்றின் உப்பு மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். இத்தகைய கதவுகள் சிலவற்றை நான் என் கைகளால் திருத்தியிருக்கிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்கியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கைவேலை வராமல் இல்லை. வேலையின் ஒழுங்கு மாறிப்போவதால்தான் நல்ல தகடும் நல்ல நேரமும் வீணாகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி ஒழுங்கைப் பற்றியே அதிகம் பேசும்.

1. முதலில் நீர் போகும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடிக்கும் வெளித்தகட்டின் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள றப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மழை பெய்யும்போது கொஞ்ச நீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அப்படி இறங்கும் நீர் அடியிலுள்ள வடிதுளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்ற கணக்கில்தான் கதவே அமைக்கப்பட்டிருக்கிறது. துளை அடைபட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும்.

கடைசியாக நான் திறந்த இடப்பக்கக் கதவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண்ணும் மக்கிய வேப்பம்பூவும் கட்டியாக இறுகிக் கிடந்தன. மழை நின்று மூன்று கிழமை கடந்தும் அந்தக் கட்டியின் நடுப்பகுதி கைக்கு ஈரமாகவே இருந்தது. அதை வழித்தெடுத்தபோது கீழே இருந்த தகடும் செதில் செதிலாக அதனுடனேயே வந்துவிட்டது.

வெளித்தகட்டின் அடிவிளிம்பு உட்சட்டகத்தின் விளிம்பைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்புக்குள் புகும் நீர் எளிதில் காய்வதில்லை. எனவே கறள் அங்கேதான் தொடங்கி உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட் கொப்பளிப்பதை நீங்கள் காணும்போது உட்சட்டகத்தின் அடி பெரும்பாலும் போயே போயிருக்கும். வெளிக்கொப்புளத்தை மட்டும் சுரண்டிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசுகிறவர்களின் வேலை அடுத்த மாரிக்குள் மறுபடி வெடிப்பதற்கு இதுவே காரணம்.

2. திருத்துவதா, மாற்றுவதா என்று முடிவெடுங்கள்

கதவின் உட்புறத்தை மூடும் உள்மட்டையைக் கழற்றி (முறை 5ஆம் படியில்), ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் கதவின் அடி முழுவதையும் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடங்களையும் குழியும் இடங்களையும் சோக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். வெளித்தகட்டில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தகட்டுக்கு மேல் தடித்த பட்டி இருக்கிறது என்று பொருள்.

அழிவு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கியிருந்தால் திருத்துவதே நல்லது. உங்கள் வண்டியில் பல ஆண்டுகள் பொருந்தியிருந்த கதவு அதன் இடைவெளிகளை ஏற்கெனவே அறிந்தது. வெளியிலிருந்து வரும் எந்தக் கதவும் அந்த அளவுக்கு இலகுவில் அமர்வதில்லை.

பிணைச்சல் பொருந்தும் முன்பக்கம் நைந்திருந்தாலோ, கண்ணாடிச் சட்டம் அடியில் வெடித்திருந்தாலோ, கதவு முறுக்கிக்கொண்டிருந்தாலோ வேறு கதவு தேடுவது சிக்கனம். அவ்விடங்களில்தான் கதவின் முழுப் பாரமும் இறங்குகிறது. ஒட்டுப்போட்ட தகட்டை அங்கே நம்பக்கூடாது.

பழைய கதவு வாங்கச் செல்வோர் செய்யும் பெரிய தவறு, மைனர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுவது. பிக்கப்புக்கு இரண்டு கதவுக் காரின் கதவு பொருந்தும். நான்கு கதவுக் காரின் முன்கதவு நீளத்தில் குறுகியது, எனவே அது உதவாது. கூரை மடியும் வகையின் கதவில் மேலே நிலையான கண்ணாடிச் சட்டம் இல்லை. 1956இல் மைனர் 1000 வந்தபோது முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியானது. அதற்கு முன்னும் பின்னும் பூட்டு, கைப்பிடி போன்றவையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் பூட்டையும் பிணைச்சல் ஒன்றையும் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லை விட இது உறுதியானது.

3. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

வெட்டத் தொடங்கிய பிறகு பொருள் தேடி அலைந்தால், வெறுந்தகடு கடற்காற்றில் ஓரிரு நாளிலேயே மறுபடி கறள் பூத்துவிடும். எனவே அனைத்தையும் முதலிலேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தகட்டுக்கு 0.9 அல்லது 1 மி.மீ. தடிப்புள்ள, பூச்சு இல்லாத மென்னுருக்குத் தகடு போதும். அதைவிடத் தடித்தது மடிப்புக்கு வளையாது, மெல்லியது வெல்டிங்கில் ஓட்டையாகும். கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகட்டை வெட்டிப் பயன்படுத்துவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். நாகம் சூட்டில் எரியும்போது எழும் வெண்புகை காய்ச்சலும் குளிரும் தரக்கூடியது, ஒட்டும் சரியாகப் பிடிக்காது. அதைத் தவிருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்தத் திருத்தத் தகடுகளும் உண்டு. முழு வெளித்தகடு, அடிப்பாதி, உட்சட்டக அடி என அவை தனித்தனியே கிடைக்கும். வளைவு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பதால் முதல் கதவைச் செய்பவருக்கு அவை பெரும் துணை.

வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் (MIG) வெல்டிங் இயந்திரமும் ஆகன், காபனீரொட்சைட்டுக் கலவை வாயுவும் வேண்டும். காஸ் வெல்டிங்கில் தேர்ந்த மூத்த டிங்கர்மார் அழகாகச் செய்வார்கள் என்பது உண்மை. ஆனால் அதன் சூடு தகட்டில் அகலப் பரவுவதால், பழகாத கையில் கதவின் முகம் அலையலையாகிவிடும்.

இவற்றோடு தட்டுச் சுத்தியலும் தாங்கு இரும்பும் (தட்டும்போது தகட்டின் மறுபுறம் பிடிப்பது), பல அளவுக் கிளாம்புகள் குறைந்தது எட்டு, மெல்லிய வட்டு போட்ட கிரைண்டர், நாகம் கலந்த வெல்டிங் பிரைமர், எபொக்சி பிரைமர், மூட்டுகளை அடைக்கும் பசை, கதவின் உட்புறத்தில் தெளிக்கும் உட்குழி மெழுகு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கண்ணாடி றப்பர்களும் கதவு றப்பரும் புதிதாகவே வாங்கப்பட வேண்டும். பழைய றப்பரை மீண்டும் போட்டால் இந்த வேலை அனைத்தும் மறுபடி நீருக்குள் போகும்.

அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். ஈரமாகத் தேய்ப்பதோ பெயின்ட் நீக்கி பூசி வழிப்பதோ பாதுகாப்பானது. மூக்கை மறைக்கும் நல்ல கவசம் எந்த நிலையிலும் வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

4. கதவைத் தொடுமுன் வண்டியின் உடலைப் பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் பின்னால் வரும் எந்தப் படியும் சரியாக அமையாது. பிக்கப்பின் பின்பக்கத்தில் சட்டம் இருந்தாலும், முன்னறை காரைப் போலவே தகட்டுப் பெட்டிகளின் வலுவில் நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற அடிப்பெட்டியும் முன்தூணும் நைந்திருந்தால் கதவு வாசலே வடிவம் மாறியிருக்கும்.

கதவைப் பாதி திறந்து பின்னோரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். பிணைச்சலின் ஊசி ஆடினால் தேய்வு பிணைச்சலில். பிணைச்சலோடு சேர்ந்து தூணின் தகடே அசைந்தால் அழிவு தூணில். இரண்டும் ஒன்றுபோலவே கையில் உணரப்படும் என்பதால், ஒருவர் தூக்க மற்றொருவர் பிணைச்சலின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கராஜுக்கு வந்த தம்பி ஒருவர் இரு கதவுகளுக்கும் புதிய வெளித்தகடு போட்டு, இடைவெளிகளைச் சீராக்கிய பிறகே சில்லை வெட்டினார். வாசலுக்குக் குறுக்கே தாங்கல் கம்பி வைக்கவில்லை. புதிய சில்லை ஒட்டி முடித்தபோது கதவின் பின்னோரம் மேலே பெருவிரல் நுழையும் அளவுக்கு விரிந்தும் கீழே தூணில் உரசியும் நின்றது. இரண்டு மாத உழைப்பு அப்படிப் போனதை அவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் நினைவில் இருக்கிறது. சில், தூண், பிணைச்சல் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். சில்லை வெட்டுவதானால் வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே குறுக்குக் கம்பி ஒட்டிவிட்டு வெட்டுங்கள். அதன் பிறகு அந்த வாசலுக்குக் கதவைப் பொருத்துங்கள்.

5. அளந்து குறித்து, பின்னர் கழற்றுங்கள்

கதவு சாத்திய நிலையில் நான்கு பக்க இடைவெளிகளையும் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். படமும் எடுங்கள். பிறகு பிணைச்சல் இருக்கும் இடத்தைச் சுற்றி ஊசியால் கோடு கீறி வையுங்கள். பழைய கதவே திரும்ப வருமானால் இந்தக் கோடு அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

உள்ளே கண்ணாடி சுழற்றும் பிடியும் கதவுக் கைப்பிடியும் முதலில் வர வேண்டும். சில வண்டிகளில் பிடியின் பின்னேயுள்ள வட்டை அழுத்தினால் குறுக்கே ஓடும் சிறிய ஊசி தெரியும், சிலவற்றில் நடுவில் திருகாணி இருக்கும். எதுவென்று பாராமல் நெம்பினால் பிடி உடையும். அதற்குப் பின் உள்மட்டை, கண்ணாடி, சுழற்றும் பொறி, முன்மூலைச் சிறுகண்ணாடி, பூட்டு என்ற வரிசையில் எடுங்கள். ஒவ்வொரு தொகுதியின் திருகாணிகளையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

பிணைச்சல் திருகாணிகள் இந்த வேலையின் முதல் சோதனை. முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் வகை ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். சாதாரண டிரைவரால் முயன்று தலையின் குறுக்குவெட்டு வழுகிவிட்டால், அதைத் துளைத்தெடுப்பது தவிர வேறு வழி இல்லாமல் போகும். கடைசித் திருகாணியைக் கழற்றும்போது கதவைத் தாங்க இன்னொருவர் கட்டாயம் தேவை.

6. உட்சட்டகத்தின் அடியை முதலில் கட்டுங்கள்

வெளித்தகட்டை முழுவதும் உரித்துவிட்டு, அதே நேரத்தில் உட்சட்டகத்தின் அடியையும் வெட்டினால் கதவு தன் வளைவை மறந்துவிடும். மைனரின் கதவு மேலிருந்து கீழே வெளிநோக்கிப் புடைத்து மறுபடி உள்ளே திரும்பும் வளைவுடையது. அந்த வளைவை மூன்று இடங்களில் அட்டையில் வெட்டி மாதிரியாக எடுத்து வையுங்கள். பிறகு கதவின் உட்புறத்தில் மூலைக்கு மூலை இரண்டு கம்பிகளைத் தற்காலிகமாக ஒட்டுங்கள்.

வெளித்தகட்டின் அடிப்பாதியை மட்டும் இப்போது வெட்டி எடுங்கள். உட்சட்டகத்தின் அடியை ஒரே வெட்டில் நீக்காமல் முன்பாதியை வெட்டி, புதியதை ஒட்டி, ஆறிய பின் பின்பாதிக்குச் செல்லுங்கள். நல்ல தகடு தொடங்கும் இடத்திலிருந்து குறைந்தது 15 மி.மீ. மேலே வெட்டுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும், உட்புறத்தில் மெலிந்த தகட்டில் ஒட்டு நிற்காது.

வடிதுளைகளைப் புதிய தகட்டை ஒட்டுமுன்பே துளையிட்டுவிடுங்கள். பழைய துளைகள் இருந்த இடத்தையே பின்பற்றுங்கள், அவை கதவின் மிகத் தாழ்ந்த புள்ளிகள். விட்டம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒரு வேப்பிலைக் காம்பே அடைத்துவிடும்.

7. வெளித்தகடு: அடிப்பாதியா, முழுவதுமா

அடிப்பாதி மட்டும் மாற்றும்போது ஒட்டுக்கோடு எங்கே விழுகிறது என்பதே முக்கியம். தட்டையான நடுப்பகுதியில் சூடு பட்டால் தகடு உப்பும். வளைவுள்ள இடம் தன் வடிவத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். எனவே கோட்டை இயன்றவரை கீழே, வளைவு திரும்பும் இடத்தில் வையுங்கள். மூலைகள் கூராக இல்லாமல் வட்டமாக இருக்கட்டும்.

இரு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தகட்டின் தடிப்பளவு இடைவெளியில் எதிரெதிர் நிற்க வேண்டும். ஏறிய மூட்டின் பின்புறத்தில் மறுபடி ஒரு மடிப்பு உண்டாகி நீர் தங்கும், அதாவது பழைய நோயை நாமே திரும்ப உண்டாக்குகிறோம்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டமாக ஒட்டவே கூடாது. நடுவில் ஒரு புள்ளி, இரு ஓரங்களில் ஒவ்வொன்று, பிறகு அவற்றின் நடுவில் என்று 25 மி.மீ. இடைவெளி வரும்வரை செல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியும் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்பே பக்கத்துப் புள்ளி. ஆறும்போது ஒட்டு சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். பின்னால் தாங்கு இரும்பை வைத்து அந்தப் புள்ளியை மெல்லத் தட்டினால் சுருங்கியது விரிந்து தகடு தன் இடத்துக்குத் திரும்பும். ஈரத்துணியால் குளிர்விக்கும் பழக்கம் தகட்டைத் திடீரென இழுத்து முறுக்கும். அதைச் செய்யாதீர்கள். பொறுமை இல்லாதவர்களின் கதவுகளை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

முழு வெளித்தகட்டை மாற்றுவதானால், பழையதை உளியால் பிரிக்க வேண்டாம். மடிப்பின் வெளிவிளிம்பை மட்டும் கிரைண்டரால் தேய்த்தால் முகத்தகடும் மடிந்த பட்டையும் தனித்தனியாகப் பிரியும், உட்சட்டக விளிம்பு அடிபடாமல் கிடைக்கும். அந்த விளிம்பைத் துலக்கி, நேராக்கி, வெல்டிங் பிரைமர் பூசுங்கள். மடிந்த பிறகு அங்கே தூரிகை போகாது.

8. முழுவதும் மடிக்குமுன் வண்டியில் மாட்டிப் பாருங்கள்

புதிய தகட்டைச் சட்டகத்தின் மேல் அமர்த்தி, விளிம்பைச் சுற்றிலும் பாதியளவே மடித்து, கிளாம்புகளால் பிடித்துக் கதவை வண்டியில் மாட்டுங்கள். இந்த நிலையில் கதவைக் கையால் முறுக்கித் திருத்தலாம். தகடு முழுவதும் மடிந்துவிட்டால் கதவு பெட்டியைப் போல விறைத்துவிடும், பிறகு எவ்வளவு நெம்பினாலும் மீண்டும் பழைய நிலைக்கே வரும். அடிமூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்மூலையில் ஒரு மரக்கட்டையை வைத்து அடிமூலையை மெல்ல அழுத்துங்கள். இப்படித் திருத்திய பிறகே கழற்றி மடிப்பை முடிக்க வேண்டும்.

மடிப்பதற்குத் தடித்த தாங்கு இரும்பின் முகத்தில் நாடா ஒட்டி வெளிப்பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உட்பக்கத்திலிருந்து சுத்தியலால் சிறு அடிகளாகச் செல்லுங்கள். சுற்றிலும் ஒரு தடவை சிறிது, மறுதடவை இன்னும் சிறிது என்று மூன்று நான்கு சுற்றுகளில் முடிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று முழுவதும் மடித்தால் தகடு நீண்டு, வெளி விளிம்பு நெளியும். கடைசியாக மடிப்பில் சில இடங்களில் மட்டும் ஒட்டுப் புள்ளி வையுங்கள்.

9. கறள் தடுப்பும் பெயின்டும்

குழிகளில் எஞ்சிய கறளுக்குப் பொசுபோரிக் அமிலக் கரைசல் பயன்படுத்தினால், அது நன்றாகக் கழுவப்பட்டு முழுவதும் உலர வேண்டும். மிஞ்சிய அமிலத்தின் மேல் எபொக்சி பிரைமர் இறுகாது, தோலாக உரியும்.

வெறுந்தகட்டில் முதலில் எபொக்சி பிரைமர், அதன் மேல் பட்டி என்ற ஒழுங்கை நான் கைவிடுவதில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள், வெறுந்தகட்டின் மேல் நேரே இருந்தால் அந்த ஈரம் தகட்டுக்குத்தான் போகும். பட்டியின் தடிப்பு 2 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் சுத்தியலிடம் திரும்பிச் செல்லுங்கள். அடிமடிப்பின் உட்புறத்தில் அடைப்புப் பசை தடவும்போது வடிதுளைகளில் தீக்குச்சி செருகிவையுங்கள். ஒரு கதவில் நான் இதைச் செய்யாமல் விட்டு, ஒரு மாரிக்குப் பின் இரண்டு துளைகள் பசையால் மூடிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன்.

உட்குழி மெழுகு எல்லாப் பெயின்டும் காய்ந்த பிறகே தெளிக்கப்பட வேண்டும். முன்னரே தெளித்தால் அதன் நெய் பெயின்டில் மீன்கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும். கண்ணாடி மாட்டியபின் தெளித்தால் அது கண்ணாடியிலும் ஓடுதடத்திலும் படியும். ஆகவே இரண்டுக்கும் இடையில்தான் அதன் நேரம்.

10. கதவை மாட்டுதல்

பின்தூணில் பூட்டு வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அது இருந்தால் சாத்தும் ஒவ்வொரு தடவையும் கதவைத் தன் பக்கம் இழுத்து, பிணைச்சலின் பிழையை மறைக்கும். முதலில் பின்னோர இடைவெளியையும் மேல்விளிம்பையும் சீராக்கி, அடுத்து முகம் தூணோடு மட்டமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். நான் 4 முதல் 5 மி.மீ. இடைவெளியை இலக்காக வைக்கிறேன். கண்ணாடி, பூட்டு எல்லாம் ஏறியதும் கதவு பாரத்தால் சற்றுத் தாழும் என்பதால் பின்னோரத்தை ஒரு மி.மீ. உயர்த்தியே விடுங்கள். ஸ்ட்ரைக்கர் கடைசியில் வரட்டும். புதிய றப்பர் சில வாரங்களுக்கு விறைப்பாக இருக்கும், அதற்காக ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளிவிடக் கூடாது.

11. உள்மட்டையை மூடுமுன் நீர் ஊற்றிப் பாருங்கள்

கண்ணாடியை உயர்த்தி, கதவைச் சாத்தி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் குழாய் நீரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒருவர் உள்ளே விளக்கோடு இருந்து நீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்கட்டும். மற்றவர் வெளியே குனிந்து ஒவ்வொரு வடிதுளையிலிருந்தும் நீர் சொட்டுகிறதா என்று எண்ணட்டும். சொட்டாத துளை ஒன்று இருந்தாலும் கம்பி விட்டுத் திறந்து மறுபடி ஊற்றுங்கள்.

இதன் பிறகே உட்சட்டகத் திறப்புகளின் மேல் பொலித்தீன் தாளை ஒட்ட வேண்டும். அதன் அடிவிளிம்பு கதவுக்கு உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும், வெளியே தொங்கினால் நீர் உள்மட்டையில் இறங்கி அதை ஊதச் செய்யும். தாள் ஒட்டி முடிந்ததும் மட்டையைப் பொருத்திப் பிடிகளை மாட்டுங்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் மெல்லிய கம்பியால் வடிதுளைகளைக் கிளறிவிடுங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியென்றால் பூ உதிரும் காலத்திலும் ஒருமுறை.